டையிங் சலான் கணக்கை ஆன்லைனுக்கு மாத்தினப்போ நாங்க பட்டது

எங்களுது திருப்பூர்ல சின்ன பனியன் கம்பெனிங்க. சொந்தமா இருக்கிறது கட்டிங்கும் தையலும் மட்டும்தான், நூல் வாங்கி நிட்டிங்குக்கு (துணியா பின்னறதுக்கு) குடுத்து, அங்கிருந்து டையிங் (சாயம் போடறது), காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம பதப்படுத்தறது), தேவைப்பட்டா பிரிண்டிங்னு எல்லாம் வெளிய போய்த்தான் வரும். அதனால எங்களுக்கு கணக்குன்னாலே பாதி, எங்க துணி யாருகிட்ட எத்தனை கிலோ நிக்குதுங்கிறதுதான். அத பாக்கிறது நானும், எங்ககூட ரொம்ப வருஷமா இருக்கிற அக்கவுண்ட்ஸ் அண்ணாவும். சாஃப்ட்வேர ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து இன்டர்நெட் சர்வீஸுக்கு மாத்தற வேலைய ரெண்டு தடவை செய்ய வேண்டி வந்துச்சு. மாத்தலாமான்னு தெரிஞ்சவங்க நிறைய பேர் கேக்கறாங்க, அதான் நடந்தத எழுதறேன்.

மொதல்ல தெரிஞ்ச தம்பி ஒருத்தர் எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர் ஒரே கம்ப்யூட்டர்ல ஓடிட்டு இருந்துச்சு. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்போ அவரே வந்து பில்லெல்லாம் மாத்திக் குடுத்தார், அப்புறம் அவர் வெளிநாடு போயிட்டார், கேக்க ஆளில்ல. குடோன்ல என்ன இறங்குச்சுன்னு ஆஃபீஸ்ல தெரியணும்னா சரக்கோட போற சீட்டு, அதாவது சலான், அந்த புக் வண்டியில வந்தாத்தான் உண்டு.

2021ல ஒரு ஆன்லைன் கம்பெனிகிட்ட சேந்தோம். வாடகை மாதிரி மாசாமாசம் கட்டணும், சர்வர் அவங்களுது, பேக்கப் அவங்களே பாத்துக்குவாங்க, குடோன்ல போன்லயே சலான் போடலாம்னாங்க. நாங்க விலையும் ஸ்கிரீனும்தான் பாத்தோம். வேற ஒண்ணும் கேக்கல. அதுல இருந்த பெரிய பிரச்சனை ப்ராசஸ் லாஸ். டையிங்குக்கு 100 கிலோ போனா 94, 95 கிலோதான் திரும்பி வரும், அது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா அந்த சாஃப்ட்வேர் மீதி 6 கிலோவ டையிங்காரர்கிட்ட பாக்கி நிக்குதுன்னே காட்டும். சின்ன விஷயம்னு விட்டுட்டோம். ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளிய வேலை செஞ்சு வர, குடுத்த சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரலைன்னா ஜிஎஸ்டி சட்டப்படி அத அனுப்பின அன்னைக்கே வித்த மாதிரி எடுத்துக்குவாங்க, அந்த ஜாப் வொர்க் சரக்கு கணக்க காட்டற ஐடிசி 04 ஃபார்ம் போடறப்போ இந்த ஆறு ஆறு கிலோவா சேந்து டன் கணக்குல நின்னுச்சு, அண்ணா ரெண்டு வாரம் உக்காந்து கையில எழுதி எடுத்தார்.

2023 மே மாசம், ஆகஸ்ட் 1லிருந்து 5 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கிறவங்களும் இ-இன்வாய்ஸ் போடணும்னு, அதாவது பில்ல அரசாங்க போர்ட்டல்ல பதிஞ்சு க்யூஆர் கோடு வாங்கணும்னு, அறிவிப்பு வந்துச்சு. முந்தின வருஷம் நாங்க 5 கோடி தாண்டல, நமக்கு வராதுன்னு இருந்தோம். ஆடிட்டர்தான் சொன்னார், 2017-18லிருந்து ஏதாவது ஒரு வருஷம் தாண்டியிருந்தாலே உள்ள வந்துருவீங்கன்னு. 2018-19ல தாண்டியிருந்தோம்.

அந்த கம்பெனிய கேட்டா இ-இன்வாய்ஸ் தனி மாட்யூல், தனி ரேட்டுன்னாங்க. வேற இடம் போறோம், எங்க டேட்டாவ குடுங்கன்னோம். பிடிஎஃப்பா எடுத்துக்குங்கன்னு வந்துச்சு பதில்! ரெண்டு வருஷ சலானும் பிடிஎஃப்ல வந்தா அத வச்சு என்ன பண்றது? எக்செல்ல வேணும்னா தனியா பணம் கட்டணும்னாங்க. எங்க நூலு, எங்க துணி, எங்க பில்லு, அதோட கணக்க வாங்க நாங்க காசு கட்டணுமான்னு எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல. கட்டித்தான் வாங்கினோம், அதுக்கும் மூணு வாரம் ஆச்சு.

ரெண்டாவது தடவை விலைய கடைசியா பேசிக்கலாம்னு முடிவு பண்ணினோம். டெமோக்கு வந்தவங்க அவங்க வச்சிருந்த மாதிரி டேட்டாவ காட்ட ஆரம்பிச்சாங்க, அண்ணா அத நிறுத்தச் சொல்லிட்டு எங்க பழைய டையிங் சலான் ஒண்ண எடுத்து மேஜையில வச்சார், இத போடுங்க, 94 கிலோ ரிசீவ் பண்ணுங்க, பாக்கி என்ன காட்டுதுன்னு பாக்கலாம்னார். நாலு கம்பெனில ரெண்டு பேராலதான் லாஸ தனியா காட்ட முடிஞ்சுது. அந்த ரெண்டு பேர்ல, நாங்க விலகினா எல்லா டேட்டாவையும் எக்செல்ல இலவசமா குடுப்போம், 90 நாள் வரைக்கும் லாகின் இருக்கும்னு அக்ரிமெண்ட்ல எழுதித் தந்தவங்ககிட்ட சேந்தோம். வாயால சொல்றது போதாதுங்க, எழுதி வாங்குங்க.

இன்னொண்ணும் கேட்டுக்குங்க. ஜிஎஸ்டி நெட்வொர்க்கோட நேரடி இணைப்பு இருக்கிறவங்க ஜிஎஸ்பி, அதாவது ஜிஎஸ்டி சுவிதா புரொவைடர். அவங்க வழியா போய் நமக்கு ஸ்கிரீனும் ரிப்போர்ட்டும் குடுக்கறவங்க ஏஎஸ்பி, அதாவது அப்ளிகேஷன் சர்வீஸ் புரொவைடர். நம்மகிட்ட பணம் வாங்கறவங்க பெரும்பாலும் இந்த ஏஎஸ்பிதான், அவங்க எந்த ஜிஎஸ்பி வழியா போறாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா இ-இன்வாய்ஸ் போர்ட்டல்ல நாமளே உள்ள போய் அந்த ஜிஎஸ்பி பேர செலக்ட் பண்ணி ஏபிஐ யூசர், அதாவது சாஃப்ட்வேர் நமக்காக போர்ட்டலுக்குள்ள போறதுக்கான லாகின், உண்டாக்கணும். எங்களுக்கு இது ஜூலை கடைசி வாரம்தான் தெரிஞ்சுது.

ஜூலை பூரா பழசுலயும் புதுசுலயும் ரெண்டுலயும் பில் போட்டோம். அதவிட வேலை வாங்கினது பார்ட்டி மாஸ்டர்தான், அதாவது நாங்க வியாபாரம் பண்றவங்களோட பேர், முகவரி பட்டியல். 340 பேர் இருந்தாங்க, ஒரே டையிங்காரர் மூணு ஸ்பெல்லிங்ல மூணு பேரா இருந்தார். பின்கோடு தெரியாத இடத்துலயெல்லாம் யாரோ எங்க 641604ஐயே போட்டு வச்சிருந்தாங்க. பின்கோடும் மாநிலமும் ஒத்துப்போகலைன்னா போர்ட்டல் பில்ல எடுத்துக்காது, அதனால மும்பை பார்ட்டிக்கெல்லாம் ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேட்டு மாத்தினோம். பில் நம்பரும் அப்படித்தான், சைபர்ல ஆரம்பிக்கக் கூடாது, 16 எழுத்துக்கு மேல போகக் கூடாது. எங்களுது அதுவரைக்கும் 0001ன்னு போயிட்டு இருந்துச்சு. ஓப்பனிங் ஸ்டாக்க (ஆரம்ப இருப்ப) பழைய சாஃப்ட்வேர நம்பி ஏத்தல, என் வீட்டுக்காரரும் குடோன் தம்பியும் ஒவ்வொரு டையிங், பிரிண்டிங் யூனிட்டா வண்டில போய் ரோல் எண்ணி, எடை எழுதி, அங்க கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க. நாலு நாள் ஆச்சு, ஆனா அன்னைக்கு ஏத்தின கணக்குல இன்னைக்கு வரைக்கும் தகராறு வரல.

ஆகஸ்ட் 1 காலைல மொத பில். க்யூஆர் கோடோட பிரிண்ட் வந்தப்போ அண்ணா அத கையில எடுத்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தார். ரெண்டாவது பில்லுல ரேட் தப்பாயிடுச்சு. 24 மணி நேரத்துக்குள்ளதான் போர்ட்டல்ல கேன்சல் பண்ண முடியும், கேன்சல் பண்ணின நம்பர திரும்பவும் போட முடியாது, அதனால புது நம்பர்ல போட்டோம்.

இன்டர்நெட் கட்டாகற அன்னைக்கு கஷ்டம்தாங்க, ரெண்டாவது லைன் ஒண்ணு வேற கம்பெனில போட்டுக்கிட்டோம், அதுவும் போனா போன் ஹாட்ஸ்பாட். குடோன் லாகின்ல ரேட் தெரியாம உரிமைய சுருக்கி வைங்க, கிலோ தெரிஞ்சா போதும். சந்தாவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அத இன்புட்டா எடுத்து, நாம கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம்.

இப்பவும் ஒவ்வொரு மாசமும் முதல் தேதி அண்ணா மொத்த டேட்டாவையும் எக்செல்ல இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு, ஸ்டிக்கர்ல தேதி எழுதி பீரோல வச்சுருவார். வைக்கிறதுக்கு முன்னாடி ஃபைல தொறந்து ஏதாவது ஒரு டையிங் பார்ட்டியோட பாக்கி கிலோவ ஸ்கிரீன்ல இருக்கிறதோட சரி பாப்பார், சரியா இருந்தா டிக் அடிச்சு எங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்குவார்.