அறுபது வருடம் சுற்றி வந்த குரோதி

அப்பாவுக்கு 59 தாண்டாது என்று ஒரு ஜோசியர் சொன்னபோது நான் ஆறாம் வகுப்பு. அன்றைக்கே அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர் அபிராமி சன்னதியில்தான்.

அப்பா பிறந்தது குரோதி வருடம், ஆவணி. 60 வருடம் சுற்றிவிட்டு 2024இல் அதே குரோதி வந்தது. அதே மாதம், அதே நட்சத்திரம். திருக்கடையூருக்குக் கிளம்பினோம்.

வேன் நிற்பதற்குள் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "60ஆ, 70ஆ, 80ஆ சார்?" சாப்பாடு, மேளம், வீடியோ எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டாம். உள்ளே போனால் பக்கத்துக் கலசத்து மந்திரம் எங்கள் காதில், எங்கள் மந்திரம் அவர்கள் காதில். அப்பா எரிச்சலில் வாயே திறக்கவில்லை.

சரி, அதெல்லாம் போகட்டும். எமனை உதைத்த சிவன், காலசம்ஹார மூர்த்தி முன்னால் திரை விலகியது. குருக்கள் தீபத்தைத் தாழ்த்தி, தூக்கிய திருவடிக்குக் கீழே காட்டினார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் மறந்து நின்றார். எனக்கோ மிருகண்டு முனிவர் நினைவு வந்தது. நெடுநாள் வாழும் மந்தமான பிள்ளையா, 16 வயதோடு முடியும் ஞானப்பிள்ளையா என்று சுவாமி கேட்க, அவர் இஷ்டப்பட்டுத் தேர்ந்தெடுத்தார். தகப்பன் தானாகச் செய்தது மகன் மார்க்கண்டேயன் தலையில் விதியாக இறங்கியது. நேற்று நாம் அவிழ்த்துவிட்டது இன்று நம்மைக் கட்டுகிறது; பிராரப்தம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தானோ?

அந்தப் 16ஐ சுவாமியும் அழிக்கவில்லையே. "என்றும் 16" என்றார். விதியும் பொய்க்கவில்லை, பிள்ளையும் சாகவில்லை. ஓடிப்போய் லிங்கத்தைக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் மார்க்கண்டேயன் தானாகச் செய்தது. எமன் வீசிய கயிறு பிள்ளையோடு லிங்கத்தின் மேலும் விழுந்தது. காலத்தின் சுருக்குக்குள் சிவனும் சேர்ந்து நின்றானே, அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. உதைபட்ட எமனையும் பூமாதேவி பாரம் தாங்கவில்லை என்று அழ, அவனே எழுப்பிவிட்டான். காலம் இல்லாமலும் நமக்கு ஆகாது.

"அப்போ ஜோசியர் சொன்னது பொய்யா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "அவர் கணக்கு சரியாத்தான் இருக்கும். நான் கேட்டது அவளை" என்றாள். அபிராமி! தை அமாவாசையைப் பௌர்ணமி என்று உளறிய பட்டருக்காக நிலவையே காட்டியவள், ஒரு பெண்ணின் மஞ்சள் முடிச்சை மறப்பாளா? தாயே, என்ன செய்து தீர்ப்பேன் இதற்கு? தாலி ஏறியபோது அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

வேன் ஏறும்போது அதே புரோக்கர் ஜன்னலுக்குள் கையை நீட்டி ஒரு கார்டு கொடுத்தார். "70க்கு பீமரத சாந்தி, நம்மகிட்டயே வாங்க சார்." திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா அதை வாங்கி, மடங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.