வாப்பாவின் தொதல் டப்பாவில் ஐந்து கூப்பன்கள்

போன வாரம் கீழக்கரை வீட்டுக்குப் போயிருந்தபோது, பீரோ மேலிருந்த பழைய தொதல் மிட்டாய் டப்பாவை இறக்கச் சொன்னார் வாப்பா. கப்பல் வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்த காகிதமெல்லாம் அதில்தான் கிடக்கிறது. அடியில் ரப்பர் பேண்டு போட்டு ஐந்து நோட்டுகள்.

உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் முகம், மறுபக்கம் கீவ் நகரத்து சோபியா தேவாலயம். வரிசை எண்ணைத் தேடித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

"அது நோட்டு இல்ல மகளே, கூப்பன். உக்ரைன்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

சோவியத் உடைகிற நேரம் கடைகளில் சாமான் இல்லை. உக்ரைனில் சம்பளத்தோடு ஒரு தாளும் கொடுத்தார்கள், தபால்தலை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக. சாமான் வாங்கினால் ரூபிளும் கொடுக்க வேண்டும், கடைக்காரர் கத்தரியால் அந்தக் கட்டங்களையும் வெட்டி எடுத்துக்கொள்வார். நம்ம ரேஷன் கடை டோக்கன் போலத்தான், ஆனால் கையில் காசும் இருக்க வேண்டும்.

நாடு தனியானதும் பெரிய சிக்கல் வந்தது. ரூபிள் அச்சடிக்கும் உரிமை மாஸ்கோவிடம் இருந்தது, உக்ரைனில் சம்பளம் கொடுக்க நோட்டு போதவில்லை. அதனால் பிரான்சில் அச்சடித்து, 1992 ஜனவரி 10 முதல் பலமுறை கைமாறக்கூடிய கூப்பனை வெளியிட்டார்கள். அதே வருடம் நவம்பரில் ரூபிளை நிறுத்தி, கூப்பனையே பணமாக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் விலைவாசி பத்தாயிரம் சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1996 செப்டம்பரில் ஹிரிவ்னியா என்ற புதுப் பணம் வந்தபோது ஒரு லட்சம் கூப்பனுக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு ஒன்று! ஆயுசு முழுக்கச் சேர்த்தவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. 2016-இல் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்றதும் உம்மா பருப்பு டின்னைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நமக்கு அப்போது மதிப்புக் குறையாமல் மாற்றிக்கொள்ளவாவது வழி இருந்தது.

நோட்டில் இருக்கும் பெண் லீபித். கீவை உருவாக்கியதாகச் சொல்லும் மூன்று அண்ணன் தம்பிகளின் தங்கை. நீப்பர் ஆற்றங்கரைச் சிலையில் அவள் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், நிற்கிறாள் என்று படித்ததும் வாப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அணியத்துலயா?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சரி, இந்த ஐந்தும் எப்படி வந்தது? 1992 டிசம்பர், ஒடெஸா. துறைமுகத்துக்கு வெளியே பனியில் வயசான அம்மா ஒருத்தர் வீட்டுச் சாமான்களைத் துணி விரித்து விற்றுக்கொண்டிருந்தாராம். ஓரத்தில் தங்கக் கோடு போட்ட தேநீர்க் கோப்பை ஒன்றை வாப்பா ஒரு டாலருக்கு எடுத்தார். மீதி வேண்டாம் என்று கையைக் காட்டியும் அந்த அம்மா விடவில்லை.

"கையுறையக் கழட்டிட்டு, ரெண்டு தரம் எண்ணித் தந்துச்சு மகளே."

கோப்பை உம்மாவின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கூப்பன்களை அதற்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டு வந்தேன்.