பல் ஈரமாக இருக்கும்போதே எழுதுங்கள்: பள்ளியில் எனாமல் குறை அளப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பிள்ளைகளின் பல்லில் வெள்ளையாக எது தெரிந்தாலும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து எனாமலில் வரும் பாதிப்பு) என்று எழுதிவிடும் பழக்கம் இங்கே உண்டு. ஃபுளோரோசிஸை அளப்பதற்கான டீன் குறியீட்டைக் கையில் எடுத்தால் காரணத்தை முன்பே முடிவுசெய்துவிட்டு அளக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. காரணம் பார்க்காமல், கண்ணில் தெரியும் எனாமல் குறையை மட்டும் பதியும் டி.டி.இ. குறியீடுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. 1982இல் வந்து, 1992இல் சுருக்கித் திருத்தப்பட்டது.

எட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் நான்கும் முன்பல் எட்டும் பெரும்பாலும் முளைத்திருக்கும், குறையுள்ள கடைவாய்ப்பல் முழுக்க உடைந்தும் போயிருக்காது. மதிய உணவுக்கு முன்பே பார்த்து முடித்துவிடுவது நல்லது. சோறு ஒட்டிய பல்லில் எதையும் நம்பிச் சொல்ல முடியாது.

அதிகம் பிழை வருவது ஈரத்தில்தான். பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் நுண்துளைகளில் இருக்கும் நீர் காய்ந்து காற்று புகுந்தால், மங்கலான வெள்ளைகூடப் பளிச்சென்று தெரியும். ஒருவர் ஈரத்தோடு பார்த்து, அடுத்தவர் உலர்த்திப் பார்த்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு விடை வரும். ஃபுளோரோசிஸை அளக்கும் இன்னொரு முறையான டி.எஃப். குறியீட்டுக்குப் பல்லை உலர்த்த வேண்டும், முதல் கடைவாய்ப்பல்லிலும் முன்பல்லிலும் எனாமல் சரியாக உருவாகாத எம்.ஐ.எச். நிலையைத் தேட 2003இல் ஐரோப்பியக் குழந்தைப் பல் மருத்துவர்கள் வகுத்த முறையில் பல் ஈரமாகவே இருக்க வேண்டும். நாங்கள் காஸ் துணியால் அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு, எச்சில் ஈரம் இருக்கும்போதே எழுதுகிறோம். காற்று ஊதுவதே இல்லை. எம்.ஐ.எச். உள்ள பல் கடுமையாகக் கூசும். ஒருமுறை வலித்துவிட்டால், 'ஆ காட்டு கண்ணு' என்று எத்தனை முறை கெஞ்சினாலும் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான திட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குத் தனி அளவுகோல் வேண்டியதில்லை. ஈறு பரிசோதிக்கும் மெல்லிய கருவியான சி.பி.ஐ. புரோபின் நுனிக் குண்டு 0.5 மி.மீ.; இரண்டு குண்டு அகலம் இருந்தால் எழுதலாம். புரோபைக் குத்தாமல் மெல்ல வருடுங்கள். எல்லை தெளிவாகத் தெரியும் திட்டு என்றால் 1, எல்லை கரைந்து பரவிய வெண்மை 2, எனாமலே குறைந்து பள்ளமாகவோ வரியாகவோ இருந்தால் 3. ஒரே பல்லில் சேர்ந்து வருபவற்றுக்கு 5 முதல் 8 வரை எண்கள் உண்டு. பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குள்ளா, மூன்றில் இரண்டுக்குள்ளா, அதற்கும் மேலா என்பதைத் தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும்.

குழப்பம் மூன்று இடங்களில் வரும். ஈறு ஓரத்தில் பிறை வடிவில், பளபளப்பில்லாமல், அழுக்குக்கு அடியில் இருக்கும் வெள்ளை பெரும்பாலும் சொத்தையின் தொடக்கம். அதை எனாமல் குறையில் சேர்க்கக் கூடாது. வலதும் இடதும் ஒத்த பற்களில் மெல்லிய கிடைக்கோடுகளாக வந்தால் ஃபுளோரைடை நினைக்கலாம், எம்.ஐ.எச். அப்படி இருபுறமும் ஒத்து வர வேண்டியதில்லை. மூன்றாவது, பள்ளத்தின் விளிம்பு. வழவழப்பாக உருண்டிருந்தால் பல் உருவாகும்போதே எனாமல் குறைந்தது. கரடுமுரடாக இருந்தால் முளைத்த பிறகு மெல்லும் அழுத்தத்தில் உடைந்தது. இந்த இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுவிட்டால் அந்தப் பதிவு சிகிச்சைக்கு உதவாது.

புகைப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஃபிளாஷ் பட்டுத் தெறிக்கும் ஒளியும் வெள்ளைத் திட்டாகவே தெரியும். குறுக்கு போலரைசர் என்ற ஒளி வடிகட்டி போட்டால் அந்தப் பளபளப்பு மறையும். வாய் திறந்தபடியே இருந்தால் மேல் முன்பல் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், பல்லைப் பார்த்து எழுதி முடித்த பிறகே படம் எடுக்க வேண்டும்.

பத்தில் ஒரு பிள்ளையை, முதல் தாளைப் பார்க்காமல் மறுபடி பரிசோதியுங்கள். இரண்டு பதிவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பு 0.6க்குக் கீழே போனால் பெரும்பாலும் 1க்கும் 2க்கும் இடையில்தான் சிக்கல் இருக்கும். பரிசோதகர்கள் சேர்ந்து உட்கார்ந்து எல்லையைப் பேசித் தீர்த்துக்கொண்ட பிறகே அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். தாளின் தலைப்பில் ஈரமா உலர்வா, வெயில் வெளிச்சமா தலைவிளக்கா என்று எழுதிவையுங்கள்.

மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுள்ள கடைவாய்ப்பல் வெள்ளைத் திட்டுள்ளதைவிட எளிதில் உடையும். அதைப் பார்த்த அன்றே பெற்றோருக்குச் சீட்டு எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கணக்கெடுப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பல்லுக்குக் காலம் கடந்துவிடும்.