இடக்கைச் சுண்டுவிரலும் குறுக்குவிசைகளும்

கோத்தகிரியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் விசைப்பலகையைத் தொட்டவர்களுக்கு விரல் விறைப்பதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், மென்பொருள் கையேடுகளைத் தமிழாக்கும் வேலையை நான் அந்த நேரத்தில்தான் செய்கிறேன். சென்ற குளிர்காலத்தில் இடக்கைச் சுண்டுவிரலில் தொடங்கிய வலி மணிக்கட்டு வரை ஏறியபோது, என் கை நாள்தோறும் என்ன செய்கிறது என்று உற்றுக் கவனிக்கத் தொடங்கினேன்.

1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில்தான் தட்டச்சு செய்கிறேன். அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கத்திலும் அமைந்துள்ளன. மெய்யெழுத்தின் மேல் இடும் புள்ளியும் இடது ஆள்காட்டி விரலுக்கே உரியது. வெட்ட, நகலெடுக்க, ஒட்ட, செயலை மீட்க என நாம் அழுத்தும் எக்ஸ், சி, வி, இசட் ஆகிய விசைகளும் இடப்பக்கக் கீழ்வரிசையிலேயே இருக்கின்றன. 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலிருந்து தொடரும் இந்த ஏற்பாடு, வலக்கையில் சுட்டியைப் பிடித்திருப்பவருக்கு மிக வசதியானது. ஆனால் சுட்டியைத் தொடாமல் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுதுபவருக்கு, உயிரெழுத்துகளின் பளுவோடு சுண்டுவிரல் அழுத்தும் கண்ட்ரோல் விசையின் பளுவும் ஒரே கையில் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே, விஷுவல் ஸ்டுடியோ கோட் உரைத்தொகுப்பியில் நான் அடிக்கடி பயன்படுத்தும் கட்டளைகளைச் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்கு மாற்றினேன். கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-எஸ் ஆகியவற்றை அடுத்தடுத்து அழுத்தினால் குறுக்குவிசைகளின், அதாவது கட்டளைகளை நேரடியாக இயக்கும் விசைச் சேர்க்கைகளின், பட்டியல் திறக்கும். வரியை மேலே நகர்த்தக் கட்டைவிரலால் அழுத்தும் ஆல்ட்டுடன் கே, கீழே நகர்த்த ஆல்ட்டுடன் ஜே என்று அமைத்தேன். நீண்ட வரிகள் திரையில் மடிந்து தெரியும்படி வைத்து உரைநடை எழுதும்போது ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாகக் கருதப்படுவதால், இந்தக் கட்டளை பத்தியையே தூக்கி வைக்கிறது. மொழிபெயர்ப்பில் வரிசையை மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

அதே காரணத்தால் 'வரியை நீக்கு' என்னும் கட்டளை எனக்கு ஆபத்தாக இருந்தது. விறைத்த விரல் கண்ட்ரோல்-கேயை நாடும்போது ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்திவிட்டால் ஒரு முழுப் பத்தி மறைந்துவிடும். புதிய விசைகளைச் சேர்ப்பதைவிட வேண்டாதவற்றை அகற்றுவதே முதல் வேலை என்பதை அப்படித்தான் கற்றேன். அமைப்புக் கோப்பில் கட்டளையின் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி இட்டால் அதன் இயல்பான விசை நீங்கிவிடும். எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுன் உரைக்கோப்புகளில் மட்டும் அந்த விசை செயலிழக்க வேண்டுமென்றால், கட்டளையின் இடத்தை வெறுமையாக விட்டு அந்த நிபந்தனையை எழுதலாம். விதிகள் கீழிருந்து மேலாகப் படிக்கப்படுவதால், பொருந்தும் விதிகளுள் கடைசியில் இருப்பதே வெல்லும்.

எனக்கு மிகவும் நேரம் எடுத்தது கண்ட்ரோல்-ஸ்பேஸ்தான். தொகுப்பியில் அது சொற்பரிந்துரைக்கு உரியது. நான் லினக்ஸ் இயங்குதளத்தில் பயன்படுத்தும் எஃப்சிடிக்ஸ் உள்ளீட்டு மென்பொருளிலோ தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதற்கு உரியது. விசை அழுத்தங்களைப் பதிவு செய்து காட்டும் பழுதறியும் வசதி தொகுப்பியிலேயே இருக்கிறது. அதை இயக்கி அழுத்தியபோது பதிவில் அந்த விசைச் சேர்க்கை வரவில்லை என்பதைக் கண்டுதான், அந்த விசை தொகுப்பிக்கு வந்து சேரும் முன்பே எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று புரிந்தது. மொழி மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டு, பரிந்துரையை வலக்கைக்கு அருகிலுள்ள ஆல்ட்-அரைப்புள்ளிக்கு நகர்த்தினேன்.

வாரத்துக்கு ஒரு விசைக்கு மேல் மாற்றுவதில்லை. விரல் பழகியபின்தான் அடுத்தது. அடுத்து நான் எடுத்துக்கொள்ள நினைக்கும் ஆல்ட்-எல் விசையைத் தேடல் பகுதி ஏற்கெனவே பயன்படுத்துவதால், இரண்டும் மோதாதபடி நிபந்தனை எழுதும் வேலையில் இந்த வாரம் இருக்கிறேன்.