ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இன்சுலின் ஊசியைப் பற்றித்தான். அது இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். 31 கேஜ் ஊசியின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். தட்டில் முகம் புதைத்துச் சாப்பிடும் பூனை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. பயப்பட வேண்டியது, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் போடும் ஊசிக்கு. நேற்று 1 யூனிட் தாங்கிய அதே பூனைக்கு இன்று அந்த 1 யூனிட்டே அதிகமாகிப் போகலாம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதைத்தான் இந்த வைத்தியத்தின் முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன பயத்திலேயே நோயில்லாத பூனைக்கும் ரத்தச் சர்க்கரை 300 மி.கி./டெ.லி.யைத் தாண்டிவிடலாம். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து நோயை முடிவுசெய்யக் கூடாது. ஃப்ரக்டோசமைன் பரிசோதனை முந்தைய ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியைக் காட்டும். பயத்தால் அது ஏறாது. அதிகத் தண்ணீர், அதிகச் சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, இவற்றோடு ஃப்ரக்டோசமைனும் உயர்ந்திருந்தால் சந்தேகம் இல்லை. அப்போதே பல், சிறுநீர்த் தொற்று, கணையம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லும் சீழும் வாயில் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது. தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மீட்டரில் இரண்டு வகை உண்டு. மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் ரத்தத்தில் உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டும். நம் ரத்தத்தில் சர்க்கரையில் ஒரு பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனையின் ரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் பிளாஸ்மாவில் இருக்கிறது. மனித மீட்டரின் கணக்கு இதற்கு ஒத்துவராது. ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்கு மீட்டர்கள் இதைச் சரிசெய்து காட்டும். ஆனால் குறியீடு கேட்கும் மீட்டரில், ஸ்ட்ரிப் (ரத்தத்தை உறிஞ்சும் பரிசோதனைப் பட்டை) பெட்டிக்கு ஏற்ற பூனைக் குறியீட்டை வைக்க மறந்தால் எண் தவறும். எதை வாங்கினாலும் அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரின் எண்களைக் கலந்து ஒரே பட்டியலில் எழுதினால் அந்தப் பட்டியலால் பயன் இல்லை. ஆபத்து எல்லையும் வேறுபடும்: மனித மீட்டரில் 50-க்குக் கீழே, விலங்கு மீட்டரில் 68-க்குக் கீழே போனால் உடனே செயல்பட வேண்டும். மில்லிமோலில் காட்டும் மீட்டர் என்றால் அந்த எண்ணை 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காதில் ரத்தம் எடுப்பதுதான் பலரைக் கைவிட வைக்கிறது. பெரும்பாலும் காது குளிர்ந்திருப்பதுதான் காரணம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காதின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு விளக்கு வெளிச்சத்தில் காதின் வெளி ஓரத்தைப் பார்த்தால் மெல்லிய சிவப்புக் கோடாக ரத்தக்குழாய் ஓடுவது தெரியும். குத்த வேண்டியது அந்தக் கோட்டில் இல்லை. கோட்டுக்கும் காது விளிம்புக்கும் நடுவே இருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடத்தில் குத்த வேண்டும். ரத்தக்குழாயிலேயே குத்தினால் ரத்தம் பரவி, காது கன்றிப்போகும். குத்துவதற்கு முன் அங்கே வாசலினை மிக லேசாகத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் மணிபோல் திரண்டு நிற்கும். காதின் பின்புறம் மடித்த டிஷ்யூ ஒன்றை வைத்துக்கொண்டால் விரலில் குத்தாது. பழகாத காதுக்கு, குத்தப் பயன்படும் லான்செட் ஊசியில் 30 கேஜைவிடத் தடிமனான 26 அல்லது 28 கேஜ் நல்லது. வாரக்கணக்கில் குத்திய பிறகு அங்கே நுண்குழாய்கள் பெருகி, மெல்லிய லான்செட்டே போதும் என்றாகிவிடும். ரத்தம் மிகக் கொஞ்சமாக வந்தால் அடிப்பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கிக் காதை மெதுவாக நீவுங்கள். பூனை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் சொட்டைச் சுத்தமான விரல் நகத்தில் ஏந்திக்கொண்டு, ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொடுங்கள். ஸ்ட்ரிப் தானே உறிஞ்சிக்கொள்ளும். எடுத்ததும் டிஷ்யூவால் 20 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சர்க்கரை சேராத ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். எண் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் துண்டு உண்டு. சில நாளில் பூனை தானாகவே அந்த இடத்தில் வந்து உட்காரும்.

அடுத்தது இன்சுலின். மிக மோசமான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. பூனைக்கு அதிகம் தரப்படுபவை கிளார்ஜின், புரோஸிங்க், கேனின்சுலின். கிளார்ஜின் பொதுவாக யூ-100, அதாவது 1 மி.லி.யில் 100 யூனிட். மற்ற இரண்டும் யூ-40. சிரிஞ்சும் அதே எண்ணில் இருக்க வேண்டும். யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் 1 யூனிட் கோடுவரை இழுத்தால் பூனைக்குப் போவது இரண்டரை யூனிட். முதல் வாரத்துப் பூனைக்கு இது உயிருக்கே ஆபத்து. 0.3 மி.லி. கொள்ளளவும் அரை யூனிட் கோடுகளும் உள்ள சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். பேனா வடிவ இன்சுலின் பென்னில் குறைந்தது 1 யூனிட்தான் திருப்ப முடியும் என்றால் கால், அரை யூனிட் மாற்றங்கள் அதில் நடக்காது. யூ-300 கிளார்ஜின் பென்னிலிருந்து சிரிஞ்சால் ஒருபோதும் உறிஞ்சாதீர்கள். கோடுகள் காட்டும் அளவைப்போல் மூன்று மடங்கு உள்ளே போய்விடும்.

யூ-100-இல் 1 யூனிட் என்பது 0.01 மி.லி. இவ்வளவு சிறிய அளவில் ஒரு காற்றுக்குமிழி பாதி டோஸை விழுங்கிவிடும். குமிழி தோலுக்கடியில் போனால் தீங்கில்லை, டோஸ் குறைவதுதான் பிரச்சினை. தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்து, ஊசியை நிமிர்த்திப் பிடித்துச் சிரிஞ்சைச் சுண்டி, குமிழியை வெளியேற்றிய பிறகு கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அளவைப் பார்க்க வேண்டியது ரப்பரின் ஊசிப்பக்க விளிம்பில்.

கிளார்ஜின் தெளிந்த நீர்போல் இருக்க வேண்டும். அதைக் குலுக்கக் கூடாது, எதனோடும் கலக்கக் கூடாது. புரோஸிங்கை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். கேனின்சுலினைச் சீராகப் பால்போல் வரும்வரை குலுக்கி, நுரை அடங்கிய பிறகு இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர். குளிர்சாதனப்பெட்டியின் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் ஆடும், சூடேறும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிடரியில் போடுவதைவிட விலாப்பக்கமோ இடுப்புக்கு முன்னுள்ள தளர்ந்த தோலோ நல்லது. பிடரியில் ரத்த ஓட்டம் குறைவு, இன்சுலின் ஒருநாள் உறிஞ்சப்படும், மறுநாள் தங்கிவிடும். தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிவாரத்தில் உடலுக்கு இணையாகச் சாய்த்துக் குத்துங்கள். இடது, வலது என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். முடி ஈரமாக இருந்து மருந்து வாசனை வந்தால் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மறுபடி போடவே கூடாது; அடுத்த வேளைவரை காத்திருங்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறி நிற்பதைப் பூனை தாங்கிக்கொள்ளும். இரட்டை டோஸைத் தாங்காது.

தினசரி வரிசை இதுதான்: உணவை 2 மணி நேரம் முன்பே எடுத்துவிடுவது, காதில் பார்ப்பது, உணவு வைப்பது, பூனை சாப்பிடுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஊசி. 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரண்டு முறை. மருத்துவர்கள் வழக்கமாக ஒரு வேளைக்கு அரை யூனிட் அல்லது 1 யூனிட்டில் தொடங்குவார்கள். முதல் சில வாரங்களில் ஊசிக்கு முந்தைய எண் 200-க்குக் கீழே இருந்தால் உடனே ஊசி போடாதீர்கள், உணவும் வைக்காதீர்கள். 20 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் தானாக ஏறிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். ஏறவில்லை என்றால் அந்த வேளையை விட்டுவிடுவது பாதுகாப்பு. சாப்பிடாத பூனைக்கு முழு டோஸ் கிடையாது.

சர்க்கரை தாழ்ந்துபோனால் எப்படித் தெரியும்? திடீர்ப் பசி, தள்ளாட்டம், கண்மணி விரிந்து வெறித்த பார்வை, மூலையில் ஒளிந்துகொள்வது, தசை துடிப்பது, கடைசியில் வலிப்பு. சில பூனைகள் 40-இலும் ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும். அதனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விழுங்க முடிகிற பூனைக்குத் தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஒரு தேக்கரண்டி உணவில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை காதில் பாருங்கள். தேனால் ஏறியது சீக்கிரம் இறங்கிவிடும், இன்சுலினோ இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் பார்க்க வேண்டியிருக்கும். வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஈறில் தேனை விரலால் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மருத்துவமனை எண்ணும் தேனும் ஊசி போடும் இடத்திலேயே இருக்கட்டும்.

டோஸை முடிவு செய்வது ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் வைத்து அல்ல. ஒரு நாள் முழுக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். இதற்கு வளைவு என்று பெயர். ஒரு பூனைக்குக் காலை 8 மணிக்கு 340, பிறகு 290, 190, 2 மணிக்கு 120, பிறகு 150, 230, இரவு 8 மணிக்கு 320 வருகிறது என்று வையுங்கள். காலையும் இரவும் 300-க்கு மேல் என்பதைப் பார்த்து டோஸைக் கூட்டினால் மதியம் பூனை விழுந்துவிடும். மிகத் தாழ்ந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவே இருப்பதால் இந்த டோஸ் சரி. இன்னொரு பூனைக்கு 8 மணிக்கு 340, 10 மணிக்கு 160, 12 மணிக்கு 62, 2 மணிக்கு 210, இரவு 410. இங்கே டோஸ் அதிகம். சர்க்கரை வேகமாகத் தாழ்ந்ததும் உடல் அட்ரினலினையும் குளுக்ககானையும் விட்டு மேலே தள்ளுகிறது. காலை இரவு எண்களை மட்டும் பார்ப்பவர் 410 என்று பதறி இன்னும் கூட்டுவார். இந்தத் தவறுதான் பல பூனைகளை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகிறது. தினமும் முழு வளைவு எடுக்க முடியாது. ஆனால் கிளார்ஜின் போட்ட 5 முதல் 7 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பார்த்தால் அடிமட்டம் எங்கே என்று தெரியும். கேனின்சுலினுக்கு அது 3 முதல் 5 மணி நேரம். டோஸை மாற்றினால் 5 நாளாவது பொறுங்கள். மாற்றமும் கால் அல்லது அரை யூனிட்டாக இருக்கட்டும்.

தோலில் ஒட்டும் சென்சார் காதுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு தரும். 14 நாள் ஓட வேண்டியது பூனை உடம்பில் பெரும்பாலும் முன்பே கழன்றுவிடும். அது தோலடித் திரவத்தை அளப்பதால் ரத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே காட்டும். தாழ்ந்த எண் காட்டினால் காதில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உணவு மாற்றம் இன்சுலினைப் போலவே வலுவானது. உலர் தீவனம் துண்டாக நிற்பதற்கே மாவுச்சத்து வேண்டும். அதனால் டின்னில் வரும் ஈர உணவுதான் பொருத்தம். லேபிளில் மாவுச்சத்து எழுதியிருக்காது. 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. அதை 3.5-ஆல் பெருக்கி, மொத்தக் கலோரியோடு ஒப்பிடுங்கள். மொத்தத்துக்குப் புரதத்தை 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிச் சேர்த்தால் போதும். பத்து சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கை: இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு ஒரே நாளில் உலர் தீவனத்தை நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று விழும். மருத்துவரிடம் சொல்லி, டோஸைக் குறைக்கத் தயாராக, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள்.

பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, எண்ணும் ஏறி நிற்கிறது என்றால் கீட்டோன் (சர்க்கரைக்குப் பதில் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனை. வாய்வழி மருந்துகளான பெக்ஸாகிளிஃப்ளோஸின், வெலாகிளிஃப்ளோஸின் கொடுக்கும்போது ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருந்துகொண்டே கீட்டோன் ஏறலாம். அங்கே மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அவை பொதுவாக உரியவை அல்ல.

பின்னங்கால் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கும் பூனையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அது நரம்பு பாதிப்பு. சர்க்கரை கட்டுப்பட்ட சில மாதங்களில் பல பூனைகள் மறுபடி தாவுகின்றன. டோஸ் ஏறிக்கொண்டே போயும் எண் இறங்காமல், முகமும் பாதமும் பெருத்து, எடையும் கூடினால் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாக இருக்கலாம். ஐஜிஎஃப்-1 பரிசோதனை கேளுங்கள்.

நன்றாகக் கட்டுப்பட்ட பூனைகளில் கணிசமானவற்றுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது, குறிப்பாக நோய் தெரிந்த முதல் மாதங்களில். அடிமட்ட எண் அடிக்கடி 80-ஐத் தொட ஆரம்பிப்பதுதான் அதன் முன்னறிவிப்பு. அப்போது கால் யூனிட் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஊசியே இல்லாமல் 4 வாரம் எண் சாதாரணமாக இருந்தால் நோய் தணிந்தது என்று சொல்லலாம். அதன் பிறகும் உணவு அதே உணவுதான். வாரம் ஒருமுறை காதில் பார்ப்பதும், மாதம் ஒருமுறை எடை பார்ப்பதும் நிற்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு முன் இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது என்று முதலில் சொல்லுங்கள்.