இடது கையில் நாடி இல்லை

பிப்ரவரி 9
நர்ஸ் மூன்று தடவை இடது கையில் பட்டையைச் சுற்றினார். பிபி 80-ஐத் தாண்டவில்லை. "மெஷின்தான் சரியில்லம்மா" என்று வலது கைக்கு மாற்றினார். 150! டாக்டர் வந்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தார். இடப்பக்கம் நாடி தட்டுப்படவே இல்லை. துணி பிழிந்தால் அந்தக் கை ஓய்ந்துபோவதை ஒரு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17
ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. தகயாசு ஆர்ட்டரைட்டிஸ். நோய் எதிர்ப்பு அணுக்களே பெரிய தமனிகளின் சுவரைப் புண்ணாக்கும் நோயாம். மகாதமனியிலிருந்து இடது கைக்குப் போகும் குழாய் ஏறக்குறைய அடைந்து கிடக்கிறது. அம்மா அன்றைக்கே தாளிப்பில் எண்ணெயைக் குறைத்துவிட்டாள். கொழுப்பு அடைப்பு இல்லை என்றால் கேட்டால்தானே.

பிப்ரவரி 24
இந்த மாதிரி நோய்களைப் பார்க்கும் ரூமட்டாலஜி டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். பெரிய தமனியின் சுவருக்கும் ரத்தம் வேண்டுமே, அதற்கென்று வெளி அடுக்கில் பொடிக் குழாய்கள் இருக்கின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தக் கொல்லைப்புற வழியாகத்தான் சுவருக்குள் நுழைகின்றன. அங்கே காவலிருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் கூப்பிட, தாக்கும் படையான டி செல்கள் வந்து கூடுகின்றன. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ராட்சத செல்களாகின்றன. சுவர் புண்ணாகி, ஆறுகிறேன் பேர்வழி என்று உள் அடுக்கு தடித்து வழியை அடைக்கிறது. எண்ணெய்க்கு இதில் வேலையே இல்லை.

"எதை எதிரின்னு நினைச்சுதாம்?" என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. டாக்டரிடம் முழு பதில் இல்லை. ஹெச்எல்ஏ-பி52 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். காசநோய்க் கிருமிமேல் வெகுநாளாகச் சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. உடல் தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸுக்கு இருப்பதுபோல் ஆன்டிபாடி பார்த்து உறுதி செய்யும் வழக்கமான ரத்தப் பரிசோதனையும் இதற்குக் கிடையாது.

மார்ச் 3
தகயாசு ஜப்பானியக் கண் மருத்துவர். 1908-இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்திருந்ததைச் சொன்னார். தங்கள் நோயாளிகளுக்கு அதோடு மணிக்கட்டில் நாடியும் இல்லை என்றவர்கள் ஒனிஷி, ககோஷிமா என்ற வேறு இருவர். பெயர் என்னவோ கண்ணைப் பார்த்தவருக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 20
ஸ்டீராய்டில் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. கூடவே நோய் எதிர்ப்பை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். அழற்சியைக் காட்டும் ரத்த அளவான சிஆர்பி இறங்கிவிட்டது என்று துள்ளினேன். டாக்டர் துள்ளவில்லை, ரத்தத்தில் அமைதியாகத் தெரிந்தாலும் சுவருக்குள் புகைந்துகொண்டிருக்கலாமாம். அடுத்த மாதம் எம்ஆர்ஐ.

அம்மா இப்போதெல்லாம் காலையில் காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டு என் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறாள். இன்றைக்கு ஏதோ துடித்தது என்றாள். அது அவள் கட்டைவிரலின் நாடியாகத்தான் இருக்கும். நான் சொல்லவில்லை.