ஒப்பிட்டால் மதியாம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலையாளம் சரளமாகப் பேசுவோம், டீக்கடையில் சண்டைகூடப் போடுவோம். ஆனால் என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்தவர்களிடம் மலையாள எழுத்தைக் காட்டினால் பஸ் போர்டைத் தாண்டி ஓடாது. பேச்சு வருகிறதே, எழுத்தும் வரும் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். நாமும் வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிடுவோம்.

போன வருஷம் பாலை சொசைட்டிக்குக் கொண்டுபோக ஸ்கூட்டர் எடுக்கப் போனேன். கையில் இருந்த பணம் போக 1,00,000 ரூபாய் கடன் தேவைப்பட்டது. ஷோரூமிலேயே ஃபைனான்ஸ் கம்பெனிப் பையன் ஒருவன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். "வட்டி 10 சதவீதம்தான் சேட்டா. மாசம் 3,611, 36 தவணை" என்றான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. லட்சத்துக்கு வருஷம் 10,000, மூன்று வருஷத்துக்கு 30,000, மொத்தத்தை 36ஆல் வகுத்தால் அந்த 3,611 வருகிறது.

அப்புறம் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினான். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் டிக். "இவ்விடெ ஒப்பிட்டால் மதி." இங்கே கையெழுத்துப் போட்டால் போதுமாம். பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். வட்டி என்ற கட்டம் காலி, தவணைத் தேதி காலி. கூடவே தொகை எழுதாத செக் இரண்டு வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றேன், கொடுக்க மாட்டேன் என்றான். சரி, போட்டோவாவது எடுத்துக்கொள்கிறேன் என்று எல்லாப் பக்கத்தையும் போனில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆஃபர் நாளையோடு முடியுது சேட்டா என்று வாசல்வரை வந்தான். வாசல்வரை வருகிற ஆஃபர்மேல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம்.

அட்சயா மையத்தில், அதாவது கேரளத்தின் இ-சேவை மையத்தில், தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் போனைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு. "இந்த ஒப்பந்தம் முழுவதையும் எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கிச் சொன்னார்கள், புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்" என்று இருக்கிறதாம். அதுவும் மலையாளத்தில்!

அவள்தான் கேஎஃப்எஸ் (Key Facts Statement) என்ற, கடனின் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லும் தாளைக் கேட்கச் சொன்னாள். வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் இந்த மாதிரிக் கடன்களுக்கு அந்தத் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கையெழுத்துப் போட நமக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அதில் சொல்லாத கட்டணத்தைப் பிற்பாடு நம் சம்மதம் இல்லாமல் பிடிக்கக்கூடாது. ஆஃபர் நாளையோடு முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் போய்த் தமிழில் வேண்டும் என்றேன். "கேரளத்தில் தமிழ் ஃபார்ம் ஏது?" என்றான். பஸ் ஏறினால் பொள்ளாச்சி, அங்கே உங்கள் கிளை இருக்கிறதே, அவர்கள் எந்த மொழியில் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். போன் போட்டான். இரண்டாம் நாள் தமிழ்த்தாள் வந்தது.

அதைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். வருடாந்தரச் செலவு விகிதம் என்ற வரியில் 22 சதவீதம். 10 எப்படி 22 ஆனது? முதல் தவணை கட்டியதிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஆனால் அவன் சொன்ன வட்டி கடைசி மாதம்வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 10 என்பது கிட்டத்தட்ட 18. அதற்குமேல் புராசசிங் சார்ஜ் 2,500, கடன் இன்சூரன்ஸ் 3,000. இரண்டையும் முதலிலேயே கழித்துக்கொண்டு 94,500தான் கொடுப்பார்கள், வட்டி மட்டும் லட்சத்துக்கு. இதையும் சேர்த்துத்தான் அந்த 22.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்றேன். கம்பல்சரி என்றான். அப்படியென்றால் எழுதிக் கொடு என்றதும் கம்பல்சரி இல்லாமல் போய்விட்டது. விகிதம் 20க்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. காலிக் கட்டங்களை என் கண்முன்னால் நிரப்ப வைத்தேன். செக்கைக் கொடுக்கவில்லை, தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள மட்டும் சம்மதித்தேன்.

எல்லாமே நான் நினைத்தபடி நடக்கவில்லை. முன்கூட்டியே அடைத்தால் மீதி அசலில் 4 சதவீதம் என்ற வரியை மாற்ற முடியாது என்றார்கள். தகராறு வந்தால் மத்தியஸ்தம் சென்னையில் என்ற வரியும் அப்படியே இருக்கிறது. அது இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரை வைத்தே, எனக்கென்றால் பாலக்காட்டில், புகார் கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்று வழக்காட மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அது இருப்பது திருவனந்தபுரத்தில். மாட்டை யார் பார்ப்பது?

முன்கூட்டி அடைக்கும் அந்த வரியை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பையனைக் கேட்டேன். "ஞானும் அது வாயிச்சிட்டில்ல சேட்டா" என்றான். அவனும் அதைப் படித்ததில்லையாம். பொய் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

நாலாம் நாள் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கமும் பொள்ளாச்சியிலிருந்து தமிழில் வந்திருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே, விளக்கிச் சொன்னவர் என்று ஓர் இடம். பேனாவை அவன் பக்கம் நீட்டி, இங்கே போட வேண்டியது நீதான் என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது.

"எந்தா சேட்டா இதில் எழுதியிரிக்குந்நது?"

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, வரி வரியாக மலையாளத்தில் சொன்னேன்.